டீச்சரின் பத்து வேலைகளும் ஏலம் போன சனிக்கிழமை

ஃபாத்திமா டீச்சருக்கு ஒவ்வொரு ரம்ஜானுக்கும் குறைந்தது நாற்பது பேராவது வாழ்த்துச் சொல்வார்கள். அவள் ராயபுரத்துக் கத்தோலிக்கப் பெண். ஃபாத்திமா மாதாவின் பெயரை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பள்ளி அலுவலகத்தில் யாரோ, "டீச்சர், பிரியாணி எங்கே?" என்று கேட்டார்கள். "நான் கிறிஸ்டியனுங்க" என்று சொல்ல வாய் திறப்பதற்குள் இன்னும் நாலு பேர் சேர்ந்து கேட்டுவிட்டார்கள். ஐந்து பேரின் முகத்தையும் வாட வைக்க மனம் வராமல் மறுநாள் ஒரு தேக்சா நிறையப் பிரியாணி செய்து தூக்கிக்கொண்டு வந்தாள். ஆயிற்று, ஆறு வருடம். பள்ளியில் உண்மையாகவே ரம்ஜான் கொண்டாடுகிற ஒரே ஆள் தமிழாசிரியை அஜீசுன்னிசா. அவரும் தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இந்த வருஷம் உப்பு கொஞ்சம் தூக்கல், ஃபாத்திமா" என்பார்.

முடியாது என்று சொல்லத் தெரியாத ஒருத்தி ஒரு பள்ளிக்கூடத்தில் மாட்டினால் என்ன ஆகுமோ அதுதான் அவளுக்கும் ஆனது. திருவொற்றியூரில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த அந்த உயர்நிலைப்பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். வாரத்துக்கு இருபத்தெட்டு பீரியட். அது போக, மொத்தப் பள்ளிக்கும் வருகைப்பதிவை ஆப்பில் ஏற்றுவது அவள். இலவச சைக்கிள் பட்டியல் அவள். குடற்புழு மாத்திரைப் பதிவேடு அவள். தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதியை எழுதி வைப்பது, பள்ளித் தோட்டம், இலக்கிய மன்றம், முன்னாள் மாணவர் சங்கம், எல்லா வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்கள். தலைமையாசிரியர் அருள்பிரகாசம் தினமும் யோசித்து எழுதும் காலைப் பொன்மொழியை முந்தின ராத்திரியே அந்தக் குழுக்களிலெல்லாம் போட்டு வைப்பதும் அவளே. ஒவ்வொன்றும், "ஒரு வாரத்துக்கு மட்டும் பார்த்துக்கங்க டீச்சர்" என்று வந்து சேர்ந்தவை.

அந்த வருடம் பள்ளிக்குப் போய் வந்தது அவள் உடம்பு மட்டும்தான், ஆள் இல்லை. டீயில் பிஸ்கட் என்று சாக்பீஸைத் தோய்த்தாள். ராயபுரத்தில் ரயில் ஏறினால் கண் அசந்து, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூரில் போய் விழிப்பாள். இரண்டு முறை அத்திப்பட்டு வரைக்கும் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார், "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றபோது, எல்லோரும் பதில் சொல்லி முடித்த அமைதியில் ஃபாத்திமாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது: "அடுத்த ரோல் நம்பர்?"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் சாவியோ அன்றைக்கு முன்வரிசையில் இருந்த சொந்தக்காரர்களிடம் அவளைத் தெரியாதவன் மாதிரி நின்றான்.

இந்த நிலைமையில்தான் ஆசிரியர் நலவாழ்வு பற்றிய சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்கள் மிகவும் சோர்ந்துபோகிறார்கள்; அவர்கள் நலமாக இருந்தால்தான் மாணவர்கள் நலமாக இருப்பார்கள்; ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நலவாழ்வு ஒருங்கிணைப்பாளரை நியமித்து, சோர்வைக் குறைக்கும் பயிற்சி முகாம் நடத்தி, புகைப்படத்துடன் அறிக்கை ஏற்ற வேண்டும். அருள்பிரகாசம் சார் அதை ஸ்டாஃப் ரூமில் உரக்கப் படித்து முடித்தார். இருபத்திரண்டு ஆசிரியர்களும் மெல்லத் திரும்பி ஃபாத்திமாவைப் பார்த்தார்கள். அவள் அப்போது உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். விளையாட்டு ஆசிரியர் பொன்ராஜ் தோளைத் தட்டியதும் விழித்து, என்ன ஏது என்று கேட்காமல், "சரிங்க சார்" என்றாள்.

அது பத்தாவது வேலை.

நலவாழ்வு ஆப்பில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. 'நீங்கள் அடிக்கடி சோர்வாக உணர்கிறீர்களா?' என்பது முதல் கேள்வி. 'முந்தைய கேள்விக்கு ஆம் எனில், ஏன்?' என்பது இரண்டாவது. யாருக்கும் நேரமில்லாததால் எல்லோருக்குமாகச் சேர்த்து ஃபாத்திமாவே பூர்த்தி செய்தாள். பதினேழாவது ஆசிரியரிடம் வரும்போது ஆப், 'தங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது' என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்தது. அவள் அழவில்லை. அழுவதற்கு எங்கே நேரம்?

முகாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது. வாரம் முழுக்க உழைத்தவர்களின் ஒரு விடுமுறை நாளை எடுத்துக்கொண்டுதான் அவர்களுடைய சோர்வைப் போக்க முடியும் என்று மேலிடம் நினைத்தது. பயிற்சியாளர் யார் என்று ஃபாத்திமா கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள். லைன் கரகரத்தது. "பேர் லிஸ்ட்ல இல்லம்மா. கடற்கரை ஏரியாவுல இருபது வருஷம் மக்களோட பழகினவங்களாம். பார்க்க ரொம்ப எளிமையா இருப்பாங்க. அதைப் பார்த்துட்டு மரியாதைக் குறைவா நடந்துடாதீங்க" என்றது அந்தக் குரல்.

ஃபாத்திமா இதை அப்படியே தலைமையாசிரியரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எளிமைதான் டீச்சர் பெரியவங்களுக்கு அழகு" என்றார். அதையும் அன்றைய பொன்மொழியாகக் குழுக்களில் போடச் சொன்னார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஹாலில் இருபத்து மூன்று ஆசிரியர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு பொன்னாடை, ஒரு மைக், ஒரு பெரிய தட்டில் போண்டா. பத்தரை ஆயிற்று, பயிற்சியாளரைக் காணோம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நிற்பதாக வாட்ச்மேன் சொன்னார்.

பத்தே முக்காலுக்கு வாசலில் ஒரு குரல் கேட்டது. மைக் இல்லாமலே மொத்த ஹாலுக்கும் கேட்டது.

"டீச்சருங்க அல்லாம் எங்க கீறாங்க? அல்லாரையும் ஒண்ணா நிக்க வெச்சு நாலு வார்த்த பேசணும் நானு!"

நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை ஏற்றிச் செருகிய சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பையில்லாத பக்கம் அக்குளில் சுருட்டி வைத்த குடை. பக்கத்தில் வந்தால் லேசாக மீன் வாசனை. அருள்பிரகாசம் சார் அவளை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். எளிமையாக இருப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள்தான். ஆனாலும் இவ்வளவு எளிமையை அவர் எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கைகூப்பினார்.

"வாங்க மேடம், வாங்க! உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்."

வந்தவள் சற்றுத் தடுமாறினாள். அவள் பெயர் அங்கம்மா. காசிமேட்டில் இருபது வருடமாக மீன் ஏலம் விடுகிறவள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் படிக்கும் அம்முவின் அம்மா. சனிக்கிழமை எல்லா டீச்சர்களும் பள்ளியில் இருப்பார்கள் என்று மகள் சொன்னதைக் கேட்டு, ஏலம் முடிந்த கையோடு சண்டை போட வந்திருந்தாள். வருகிற வழியெல்லாம் வாய்க்குள் வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவள், பொன்னாடையை எதிர்பார்க்கவில்லை. அதை அவள் தோளில் போர்த்தினார்கள். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். சண்டைக்கு வந்தவர்களை இந்த ஸ்கூலில் இப்படித்தான் மடக்குவார்கள் போல என்று நினைத்தாள். மடங்கிவிடக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டாள்.

அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் அவள் புருஷன் தண்டபாணிதான் வந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போவார்.

"மேடம், நேரா விஷயத்துக்கு வந்துடலாம்" என்றார் தலைமையாசிரியர். "மனசுல இருக்கிறதை ஒளிவுமறைவில்லாம சொல்லுங்க."

"சொல்லத்தானே வந்துகிறேன்!" என்று அங்கம்மா மைக்கைத் தள்ளி வைத்தாள். "நைனா, நான் ராத்திரி ஏயு மணிக்குத் தூங்கினாத்தான் ஒரு மணிக்கு எயுந்து கடலாண்ட போவ முடியும். போன அமுக்கி வெக்கவும் முடியாது, போட்டு எப்போ வருதுன்னு அதுலதான் சேதி வரும். ஒம்போது மணிக்கு ஒரு டொய்ங்கு. போட்டு வந்துட்ச்சோன்னு அட்ச்சு புட்ச்சு எயுந்து பாத்தா, 'நாளைக்கு வெள்ளை ஷூ போட்டுகினு வா.' திரும்பிப் படுத்தா இன்னொரு டொய்ங்கு. இன்னான்னு பாத்தா, 'உறக்கமே உழைப்பின் ஊதியம்.' ஏம்மா, என்னிய எயுப்பி வுட்டு உறக்கத்தப் பத்திச் சொல்றியே, இது நாயமா?"

ஹாலில் குபீரென்று சிரிப்பு. கதை சொல்லித் தொடங்குகிற பயிற்சியாளர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு நன்றாக நடிக்கிறவரைப் பார்த்ததில்லை. "அருமையான உதாரணம்!" என்று தலைமையாசிரியரும் கைதட்டினார். அந்தப் பொன்மொழி அவருடையது என்பது அவருக்கே சட்டென்று உறைக்கவில்லை.

முதல் வரிசையில் ஃபாத்திமா மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளை ஷூ செய்தியை எழுதியவள் அவள். ஒன்பது மணிக்கு அனுப்பியவளும் அவள். காது மடல் வரை சூடேறியது. ஓடிவிடலாமா என்று பார்த்தாள். வாசலில் வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றாள்.

"அது நான்தாங்க" என்றாள். "மன்னிச்சிடுங்க."

அங்கம்மா இடுப்பில் கையை வைத்தாள். இத்தனை நாள் மனதுக்குள் வைத்துத் திட்டிய ஆள் இதோ நேரில். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்த வசனம் பாதி மறந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கரி அப்பினாற்போல இருந்தது.

"ஏன் டீச்சரம்மா, அந்நேரத்துல நீ தூங்க மாட்டியா?"

"வேலை முடியாதுங்க."

"இன்னா வேல?"

ஃபாத்திமா சொல்ல ஆரம்பித்தாள். சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. சைக்கிள் பட்டியலில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். மாத்திரைப் பதிவேட்டுக்கு வந்ததும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். தோட்டத்துக்கு வந்தபோது, "தோட்டத்துல இருந்தது ஒரே ஒரு முருங்கை மரம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புயல்ல விழுந்துடுச்சு. மாசாமாசம் 'மரம் நலம்'னு அறிக்கை அனுப்பிட்டு இருக்கேன்" என்றாள்.

"யாரும் கேக்கலியா?"

"போன மாசம் பாராட்டுச் சான்றிதழ் வந்துச்சுங்க."

இலக்கிய மன்றத்தைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து அஜீசுன்னிசா எழுந்துவிட்டார். "என்னது? இலக்கிய மன்றத்தை நீயா நடத்துறே? நம்ம பள்ளியில மன்றமே இல்லைன்னு நாலு வருஷமா நான் வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கேன்!"

அங்கம்மா போண்டாத் தட்டின் பக்கத்தில் குந்தினாள். ஒரு போண்டாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். தான் எதற்காக வந்தோம் என்பதை அவள் மறந்தே போனாள். அவள் கண்ணில் பட்டது ஒன்றுதான்: ஒரே ஆள் தலையில் பத்துக் கூடை, மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு நிற்கிறார்கள். துறைமுகத்தில் இப்படிக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும்.

"ஏலம் வுட்டுடலாம்" என்றாள்.

"எதை மேடம்?" என்றார் தலைமையாசிரியர்.

"இந்தம்மா தலையில கீற பத்துக் கூடையயும். உங்களுக்கெல்லாம் இன்னா குட்த்தா சந்தோசமா இருக்கும்?"

"ஃப்ரீ பீரியட்!" என்றார் பொன்ராஜ், யோசிக்காமல்.

"அப்ப அதான் காசு. ஒரு வேலைய எத்துக்குனா வாரத்துக்கு எத்தினி பீரியடு சொம்மா வுடணும்னு கேளுங்க. யாரு கம்மியா கேக்குறாங்களோ, வேலை அவங்களுக்கு."

"அப்போ அந்தப் பீரியட்ல கிளாஸை யார் பார்ப்பாங்க?"

அங்கம்மா தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்த்தாள். "பெரிய சாரு கீறாரே. அவரு இன்னா பண்ணிகினு கீறாரு?"

அருள்பிரகாசம் சார் கடைசியாக ஒரு வகுப்பில் நின்று பாடம் நடத்தி நாலு வருடம் இருக்கும். ஆனால் இது பயிற்சியில் ஒரு பகுதி, விளையாட்டு மாதிரி என்று நினைத்தார். முகாமில் முழு மனதோடு பங்கேற்க வேண்டும் என்று சுற்றறிக்கையே சொல்லியிருந்தது. "நிச்சயமாக! நான் தயார் மேடம். அஜீசுன்னிசா டீச்சர், நடப்பதையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் பெருந்தன்மையாக.

அங்கம்மா சேலையை இன்னும் ஒரு சுற்று இழுத்துச் செருகினாள்.

"சைக்கிள் லிஸ்டு! சைக்கிள் லிஸ்டு! புத்சா வந்த மாலு! நாலு பீரியடுல ஆரம்பம், நாலு, நாலு, யாருப்பா மூணு?"

உடனே ஒரு கை உயர்ந்தது. ஃபாத்திமாவின் கை.

"நீயே வெச்சிருந்தத நீயே கேக்குறியா? கைய எறக்கு!"

"பழக்கதோஷங்க" என்று இறக்கினாள் ஃபாத்திமா.

பொன்ராஜ் மூன்று என்றார். வரலாற்று ஆசிரியர் இரண்டு என்றார். எப்படியும் சைக்கிள்கள் வந்து இறங்குவது தன்னுடைய மைதானத்தில்தானே என்று கணக்குப் போட்டு, பொன்ராஜ் ஒன்று என்று கத்தினார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! விசிலு போட்டுகினு நிக்குற சாருக்கு!" பொன்ராஜ் கோப்பையை வென்றவர் போல இரு கையையும் தூக்கினார்.

அடுத்தது மாத்திரைப் பதிவேடு. முதல் கை மறுபடியும் ஃபாத்திமாவுடையது. தண்ணீர்த் தொட்டிக்கும் அவள்தான். அவளுக்கே தெரியாமல் தோள் தானாக எழும்பியது. அங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தம்மாவோட பெரிய பேஜாராக் கீதே! இந்தா, இத்தப் புடி. ரெண்டு கையாலயும் புடி. கீய வெச்சே, அப்பால பாரு!" என்று போண்டாத் தட்டை அவள் கையில் திணித்தாள்.

இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் நின்ற ஃபாத்திமாவின் கண் முன்னால், அவளுடைய வேலைகள் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போயின. மாத்திரை அறிவியல் டீச்சருக்கு ஒன்றரை பீரியடுக்குப் போனது. தண்ணீர்த் தொட்டி அரை பீரியடு. இலக்கிய மன்றத்தை அஜீசுன்னிசா ஒரு பீரியடும் கேட்காமல், "அது என் உரிமை!" என்று மேசையைத் தட்டி எடுத்துக்கொண்டார். விழுந்த முருங்கை மரத்துக்குப் போட்டி கடுமையாக இருந்தது. இருப்பதிலேயே வேலை இல்லாத வேலை அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஓவிய ஆசிரியர் மரத்தை வரைந்தே அனுப்பிவிடுவதாகச் சொல்லி வென்றார். முன்னாள் மாணவர் சங்கம் இதே பள்ளியில் படித்த வரலாற்று ஆசிரியருக்குப் போனது. ஹாலில் கூச்சல். துறைமுகத்தில்கூட இப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். ஆங்கில டீச்சர் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

"அடுத்தது, பெத்தவங்களுக்குப் போற வாட்சப்பு! ஆறு மணிக்கு மேல ஒரு டொய்ங்கு வரக்கூடாது, அதான் கண்டிசன். யாரு?"

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியருக்குக் காது அரித்தது. கையைத் தூக்கிச் சொறிந்தார்.

"ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்! பெரிய சாருக்கு!"

"இல்ல மேடம், எனக்குக் காது..."

"ஏலத்துல கை தூக்கினா தூக்கினதுதான் சாரு. காதுன்னும் மூக்குன்னும் சொல்லப்படாது."

அஜீசுன்னிசா அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டார்.

பிறகு காலைப் பொன்மொழி வந்தது. ஒரு பீரியட், ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு பீரியட் வரை ஏற்றிப் பார்த்தாள் அங்கம்மா. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். "அஞ்சு? ஆறு? வாரம் முச்சூடும் லீவு?" அப்போதும் யார் கண்ணும் கூரையை விட்டு இறங்கவில்லை. அங்கம்மா மூக்கைச் சுளித்தாள். "நாறிப்போன மாலு. கடல்ல கொட்டிடு" என்றாள். தலைமையாசிரியர் எதையோ சொல்ல வந்து, தண்ணீர் குடித்தார்.

அடுத்தது ஆப்பில் வருகைப்பதிவு. அதுதான் இருப்பதிலேயே பெரிய கூடை. அந்த ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றி முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. கூச்சல் அடங்கியது. யாரும் கை தூக்கவில்லை. தலைகள் ஒவ்வொன்றாக ஃபாத்திமா பக்கம் திரும்பின. அவளுக்கு அந்தத் திரும்பல் நன்றாகத் தெரியும். ஒரு போண்டா தட்டின் விளிம்புக்கு உருண்டது.

"ஃபாத்திமா டீச்சர்" என்றார் தலைமையாசிரியர் கனிவாக. "இது ஒண்ணு மட்டும் நீங்களே..."

"முடியாது சார்."

சொன்னது தான்தானா என்று ஃபாத்திமாவே ஒருமுறை பக்கத்தில் பார்த்துக்கொண்டாள். இடி இடிக்கவில்லை. மின்விசிறி நிற்கவில்லை. தலைமையாசிரியர் முகம் வாடியதுதான், ஆனால் ஐந்து விநாடியில் சரியாகிவிட்டது. இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று இருந்தது. ருசி கண்டுவிட்டதால் இன்னொரு முறையும் சொன்னாள். "முடியவே முடியாது சார்."

பொன்ராஜ் விசில் அடித்தார்.

"அவங்கவங்க கிளாஸ அவங்கவங்க பாத்துக்கினா இன்னா?" என்று அங்கம்மா கேட்டாள். "என் கூடைய நானு தூக்குறேன், உன் கூடைய நீ தூக்கு." அதுவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

கடைசிக் கூடை நலவாழ்வு ஒருங்கிணைப்பாளர். நாற்பத்திரண்டு கேள்விகள். அங்கம்மா அதைக் கூவிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் மடிக்கணினிப் பை, சட்டையெல்லாம் லாரிப் புழுதி. யாரோ ஒருவர் எப்போதோ உள்ளே வந்து, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டிருந்தார்.

"யாரு நைனா நீ?" என்று எழுப்பினாள் அங்கம்மா.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "வணக்கம். நான் செல்வநாதன். பயிற்சியாளர். மன்னிக்கணும், ரெண்டு மணி நேரம் கண்டெய்னர் லாரிக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். வந்து பார்த்தா ஏதோ பயிற்சி ஏற்கெனவே நடந்துட்டு இருந்துச்சு, நல்லா வேற இருந்துச்சு. இந்த வாரத்துல இது எனக்கு ஆறாவது முகாம்..."

தலைமையாசிரியர் பொன்னாடையைப் பார்த்தார். பொன்னாடைக்குள் இருந்தவளைப் பார்த்தார்.

"அப்போ... நீங்க யாரும்மா?"

"நானா? ஒம்போதாவது பி அம்முவோட அம்மா."

முதலில் அஜீசுன்னிசாவிடமிருந்து ஒரு சிறு விக்கல் போல வந்தது. பிறகு பொன்ராஜ் வெடித்தார். அதன் பின் யாராலும் அடக்க முடியவில்லை. ஃபாத்திமா சிரித்த சிரிப்பில் தட்டு சாய்ந்து, போண்டாக்கள் ஹால் முழுக்க உருண்டோடின. சிரித்துச் சிரித்து அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வந்தது. எத்தனை மாதம் ஆயிற்று இப்படிச் சிரித்து என்று அவளுக்கு நினைவில்லை.

"சிரிப்பு இருக்கட்டும், கடைசிக் கூடை கீது" என்றாள் அங்கம்மா. "நாப்பத்திரண்டு கேள்வி. யாருக்கு?"

செல்வநாதன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தக் கேள்விகளை ஆரம்பிச்சது நான்தாங்க. நான் எழுதினது ரெண்டே கேள்வி. மேல போகப் போக ஒவ்வொருத்தரும் சேர்த்துட்டாங்க."

இருபத்து மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் மெல்லக் கையைத் தூக்கினார். "இந்தப் பள்ளிக்கு நானே பூர்த்தி பண்ணிடறேன். ரெண்டே கேள்வி போதும்." பிறகு அங்கம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, என்னோட சனிக்கிழமைங்களையும் இப்படி ஏலம் விட முடியுமா?" என்று கேட்டார்.

தலைமையாசிரியர் அன்று மாலையே எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் செல்வநாதன் தீர்மானப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து, அங்கிருந்தே அறிக்கையை ஏற்றிவிட்டார். திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து பதில் வந்தது: 'பணிப் பகிர்வு மூலம் சோர்வைக் குறைத்த சிறந்த முன்மாதிரி. தலைமையாசிரியரே வகுப்பெடுக்க முன்வந்தது பாராட்டத்தக்கது.' முன்வந்தவர் என்ன செய்வார்? சாக்பீஸை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு சி பிரிவுக்குப் போனார். முதல் நாள் திரும்பி வந்தபோது தொண்டை கட்டி, சட்டையெல்லாம் சுண்ணாம்பாக, ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "டீச்சர்... இவங்க எப்பவுமே இப்படித்தான் பேசிட்டே இருப்பாங்களா?" என்றார். யாரோ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஃபாத்திமா நாலரை மணி ரயிலைப் பிடித்தாள். தூங்காமல் வந்து ராயபுரத்தில் சரியாக இறங்கினாள். வீட்டுக் கதவைத் திறந்தபோது, காலை ஷிஃப்ட் முடித்து வந்திருந்த சாவியோ லுங்கியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் முறுக்கு டப்பா. வாய் நிறைய முறுக்கு. வெயில் இருக்கும்போதே பொண்டாட்டி வந்து நிற்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"என்னம்மா... உடம்பு சரியில்லையா? ஸ்கூலை மூடிட்டாங்களா?"

ஃபாத்திமா டப்பாவையே பார்த்தாள். "முறுக்கு நமுத்துப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு வாராவாரம் சொல்றீங்களே, இதுதானா அது?"

"அது வந்து..."

"நாலு வருஷமா நானும் நம்பி, கடைய மாத்தி மாத்தி வாங்கிட்டு வர்றேன்!"

பிடித்துக்கொண்டாள். முறுக்கில் ஆரம்பித்து, போன கிறிஸ்துமஸுக்கு அவன் தங்கை சொன்ன வார்த்தைக்குப் போய், அங்கிருந்து கழற்றிப் போட்டு இன்னும் மாட்டாத குழாய்க்கு வந்தாள். முக்கால் மணி நேரம். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள். சாவியோவும் விடவில்லை, கோயிலில் ரோல் நம்பர் கேட்ட கதையை எடுத்தான். இருவருக்கும் குரல் நல்ல கணீரென்று இருந்தது. இத்தனை வருடமும் அவள் எதற்கும், "சரி விடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வாள். சண்டை போடக்கூடத் தெம்பிருந்ததில்லை.

கடைசியில் மூச்சு வாங்க இருவரும் நிறுத்தினார்கள். சாவியோ அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கே" என்றான். "இத்தனை நாள் உன்னைப் பார்க்க எனக்கே பயமா இருந்துச்சு."

"முறுக்கை இப்படித் தள்ளுங்க" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள் ஃபாத்திமா. டப்பாவில் இரண்டுதான் மிச்சம் இருந்தது. இரண்டையும் அவளே சாப்பிட்டாள்.